கத்தி உள்ளே போகாத கேக்

குருக்கள்மடத்தைத் தாண்டிவிட்டேன். ஆனாலும் அக்கா வீட்டு ஸ்பீக்கர் என்னை விடவில்லை… பாட்டோடு பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. என் கையில் ஒரு கேக் பலகை. வெறும் பலகை. மேலே ஒட்டிய வெள்ளித்தாளில் அங்கங்கே கிரீம் அப்பியிருந்தது.

கல்முனை பஸ் ஒன்று பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தது. கொண்டக்டர் வாசலில் தொங்கிக்கொண்டு, "அண்ணன், செட்டிபாளையம்தானே? ஏறுங்க" என்றார். வேண்டாமென்று கையைக் காட்டினேன்.

ஏறினால் தெரிந்த முகம் ஒன்று கட்டாயம் இருக்கும். "சாமத்தியவீட்டுக் கேக் நீங்கதானாமே? எப்பிடி வந்திச்சு?" என்று கேட்கும். என்ன சொல்வது? நடப்பதுதான் லேசு.

இந்தப் பத்திரிகைப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு என் கதை தெரியும். எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடம் முடிந்தது. லொறி கிளீனர், இறால் பண்ணைக் காவல், மேசனுக்குக் கையாள்… ஒரு இடத்தில் ஒரு மாரிகாலம் தங்கினால் அதிகம். கடைசியாகக் கட்டாரில் ஒரு ஹோட்டல் பேக்கரியில் தட்டுக் கழுவினேன்.

அங்கே ஒரு கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கம் ஒரு பிலிப்பைன்காரர் கேக்கில் பூ வைத்துக்கொண்டிருப்பார். இந்தப் பக்கம் நான். கை தட்டில், கண் பூவில். சுவரைத் தாண்டிப் போக எனக்கு அனுமதி இல்லை.

ஊருக்கு வந்ததும் ஒரு சின்ன ஓவன் வாங்கினேன். செட்டிபாளையத்தில் நான் இருக்கும் வாடகை அறைக்குள் கட்டிலும் அதுவும்தான் சாமான். பட்டர் கேக் எனக்கு நன்றாக வரும். அதில் பொய் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் வாங்கித் தின்றுவிட்டு, "நல்லாரிக்கு" என்பார்கள். ஆனால் மேலே ஒரு பூ இருந்தால்தான் போனை எடுத்துப் படம் பிடிப்பார்கள். எனக்கும் அந்தப் பூவை வைக்கப் பழக ஆசை. இது பெரிய ஆசையா?

பெரிய ஆசைதான் என்று பிறகு தெரிந்தது.

முதலில் மட்டக்களப்பு டவுனுக்குப் போனேன். கேக் அலங்கார டிப்ளோமா என்று போர்ட் போட்டிருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த பெண்பிள்ளை கேட்டது: "வைஃபுக்கா?"

"இல்ல. எனக்கு."

பிள்ளை என் செருப்பைப் பார்த்தது. பிறகு கட்டணத்தைச் சொன்னது. பிறகு, "ஓ.எல். சேர்டிபிகேட் கொப்பியும் கொண்டு வாங்க" என்றது.

கேக்கில் பூ வைக்கப் பதினோராம் ஆண்டுப் பரீட்சை எதற்கு? கேட்கவில்லை. கட்டணமே என் கைக்கு எட்டாது. "யோசிச்சிட்டு வாறன்" என்றேன். நம் ஊரில் அதற்கு 'வரமாட்டேன்' என்று பொருள். அந்தப் பிள்ளைக்கும் அது தெரியும்.

அடுத்தது ஒரு இலவச வகுப்பு. ஊர்ப் பொதுக்கட்டடத்தில் நடந்தது. மாவும் சீனியும்கூட அவர்களே தருகிறார்களாம். போனேன். பெயர் எழுதிக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து, "தம்பி, இது பெண் தலைமைக் குடும்பத்துக்கு" என்றார்.

"அப்ப எனக்கு?"

"நீங்க பெண்ணும் இல்ல, உங்களுக்குக் குடும்பமும் இல்ல. நான் என்னத்தப் பதியிற?"

வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு வந்தேன். அவர் சொன்னதில் பிழை ஒன்றும் இல்லையே.

யூடியூப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. வீடியோவில் வரும் அம்மா பூவின் கடைசி இதழை வைக்கப்போகும் நேரம் பார்த்துத்தான் என் டேட்டா முடியும்.

கடைசியில் காத்தான்குடியில் ஒரு கேக் சாமான் கடை கிடைத்தது. கடைக்காரர் ஒரு நானா — முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். மேல்மாடியில் அவருடைய மனைவி வகுப்பு நடத்துகிறார். கட்டணம் என் கைக்கு எட்டியது. ஆனால் —

"பொம்புளையளுக்கு மட்டும்தான் தம்பி. வீட்டுக்குள்ள ஆம்புளை வந்து இருக்க ஏலாதே."

"அப்ப நான் எங்க போய்ப் படிக்கிற நானா?"

அவர் தாடியைத் தடவினார். "வட்ஸ்அப் இரிக்கிதானே. அவ குரல் அனுப்புவா. நீங்க செஞ்சு போட்டோ அனுப்புங்க. அரைக் காசு தாங்க, போதும்."

அப்படித்தான் நான் மாணவன் ஆனேன். முகம் பார்த்திராத டீச்சர். பின்னால் எப்போதும் மிக்ஸி சத்தம். "தம்பி, கைய நடுங்க விடாதீங்க. மூச்சப் புடிச்சிட்டு ஒரே இழுவையா இழுங்க." நான் இழுத்து, படம் எடுத்து அனுப்புவேன். பதில் வரும்: "இது ரோசாப்பூ இல்ல தம்பி. கோவா." கறிக்கு வாங்கும் அதே முட்டைக்கோவாதான்.

சாமான்களோ… ஏன் கேட்கிறீர்கள். கேக்கை வைத்துச் சுற்றும் தட்டு வாங்க வசதியில்லை. பழைய சைக்கிள் பெயரிங் ஒன்றின் மேல் பலகையைப் பொருத்தினேன். கிரீம் பிழியும் பைக்குப் பால்மா பை. பட்டருக்குப் பதில் மாஜரின். பழகுவதற்கு ஒவ்வொரு முறையும் கேக் சுட முடியுமா? அதற்கு நானாவே வழி சொன்னார். டி.வி. பெட்டிக்குள் சாமான் உடையாமல் வைத்து வருமே, அந்த ரெஜிபோம். அதை வட்டமாக வெட்டி விற்கிறார்கள். மேலே பூசு, பழகு, வழித்தெடு, திரும்பப் பூசு.

"எல்லாரும் இதிலதான் பழகுற" என்றார்.

மேடையில் நிற்பதும் அதுதானே? நம் கல்யாண வீடுகளில் ஆள் உயரத்துக்கு நிற்கும் அடுக்குக் கேக் அநேகமாக ரெஜிபோம். கீழ் அடுக்கில் ஒரு சின்னப் பொந்து விட்டிருப்பார்கள். அதற்குள் ஒரு துண்டு மெய்யான கேக் வைத்து, மாப்பிள்ளை பொம்பிளை அதை வெட்டுவார்கள். வந்தவர்களுக்குக் கொடுக்கப் பெட்டிக்குள் வேறு கேக். அந்த ரெஜிபோம் கோபுரத்தை ஒரு நாளைக்கு வாடகைக்கும் எடுக்கலாம். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஒருவரும் குறை சொல்வதில்லை.

அக்காவின் மகள் விதுஷா பெரியபிள்ளை ஆகிவிட்டாள், சாமத்தியவீடு என்று செய்தி வந்தது. எனக்கு இருப்பது ஒரே அக்கா, ஒரே மருமகள். அந்தப் பிள்ளைக்கு இருப்பதும் ஒரே தாய்மாமன். மாமன் வெறுங்கையோடு வந்து சபையில் நிற்கலாமா? சங்கிலி போட என்னிடம் வழியில்லை. இருந்தது ஓவன்.

"கடையில கேக் சொல்லட்டா?" என்று அத்தான் கேட்டார்.

"வேணாம் அத்தான். கேக் என்ட பொறுப்பு."

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா, "அவன் செய்வான்" என்றாள். என்னைப் பற்றி அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

விதுஷா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மாமா, மேல மயில் வேணாம். எல்லாரும் மயில்தான் வைக்கிறாங்க. வெள்ளையா, சின்னச் சின்னப் பூ மட்டும்."

இங்கேதான் நான் பிழை விட்டேன். பிள்ளைக்கு ரெஜிபோமை வெட்டக் கொடுப்பதா என்று எனக்கு ஒரு ரோசம் வந்தது. மூன்று அடுக்கும் மெய்யான கேக்காகவே செய்வோம் என்று நினைத்தேன். எங்கள் பகுதியில் ஒரு பைத்தியக்காரனுக்கும் வராத நினைப்பு.

நானாவிடம் கேட்டேன்: "ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கிறது எப்பிடி?"

"அது அட்வான்ஸ் கிளாஸ் தம்பி. அதுக்குத் தனிக் காசு."

காசு மாவுக்கும் முட்டைக்கும் போயிருந்தது. ரெஜிபோமில் பசை தடவி எத்தனை தரம் அடுக்கியிருப்பேன்? அதில் படிக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

கேக் வந்தது. நன்றாகவே வந்தது. வெள்ளை கிரீம், ஓரமெல்லாம் சின்னப் பூ. படத்தைப் பார்த்து டீச்சரே, "மாஷா அல்லாஹ், இப்பதான் பூ" என்று குரல் அனுப்பினார். அடுக்குகளைத் தனித்தனியாக ஓட்டோவில் கொண்டுபோய், அக்கா வீட்டுப் பந்தலுக்குள் வைத்து அடுக்கினேன். விதுஷா அறைக்கதவுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். சிரித்தாள்.

பந்தலுக்கு மேலே தகரம். வாவிப் பக்கமிருந்து ஒரு பொட்டுக் காற்று இல்லை. வீடியோக்காரன் லைட்டைப் போட்டான்.

"அண்ணன்" என்றான் அவன்தான் முதலில், "கேக் அசையிது."

கீழ் அடுக்கு வயிறு தள்ளிக்கொண்டு வந்தது. நடு அடுக்கு அதற்குள் இறங்கியது. மேல் அடுக்கு மெதுவாக, அவசரமில்லாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் இரண்டு கையாலும் பிடித்தேன். கிரீமை எப்படிப் பிடிப்பது?

"கேக்குக்கும் மயக்கம் வந்திட்டுகா" என்றது ஒரு பெண்குரல். "கட்டாரில கேக் செஞ்சவராம்" என்றது இன்னொன்று. "கேக் செய்யல்ல, தட்டுக் கழுவின" என்று திருத்தியது மூன்றாவது. மூன்றாவது என் சொந்தச் சித்தி.

அத்தான் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம். போனை எடுத்துக்கொண்டு வேலியோரம் போனார். பிள்ளைக்கு ஆலத்தி எடுத்து முடிவதற்குள் களுவாஞ்சிகுடியிலிருந்து ஓட்டோவில் வாடகைக் கேக் வந்து இறங்கியது. முந்தின நாள் யாரோ ஒருவருடைய கல்யாணத்தில் நின்றதாம். அந்த மாப்பிள்ளை பொம்பிளையின் பெயரைப் பிடுங்கிய அடையாளம்கூட இருந்தது. தங்க நிறக் கரை. உச்சியில் ஒரு மயில்.

கொண்டுவந்த பையன், "துண்டுக் கேக் நீங்கதான் வைக்கணும்" என்றான். அக்கா குசினிக்குள் போனாள். அங்கே பெரிய பேசினுக்குள் என் மூன்று அடுக்கும் குழம்பிக் கிடந்தன. கத்தியால் ஒரு மூலையைச் சதுரமாக்கி எடுத்துவந்து பொந்துக்குள் செருகினாள். உள்ளங்கை அளவு. என் கேக் மேடையேறியது அவ்வளவுதான்.

"மாமாவையும் கூப்பிடுங்க, பக்கத்தில நிக்கட்டும்" என்றான் வீடியோக்காரன். நின்றேன். விதுஷா கத்தியை வைத்தாள். என் பக்கம் சாய்ந்து, உதடு அசையாமல் சொன்னாள்: "மாமா, கத்தி உள்ள போகுதில்ல."

"கொஞ்சம் கீழ புள்ள. ஓட்டைக்க வை."

வைத்தாள். வெட்டினாள். என் வாயில் ஒரு துண்டு ஊட்டினாள். நல்ல பட்டர் கேக்.

அதோடு முடிந்திருந்தால் சாப்பிட்டுவிட்டு இருந்திருப்பேன். மாங்கேணியிலிருந்து வந்திருந்த ஒரு பெரியம்மா அக்காவிடம் கேட்டார்: "ஆர் கேக் செஞ்ச? நல்ல வடிவு."

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "தம்பிதான்" என்றாள்.

பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "எங்கட புள்ளைக்கும் இப்பிடி ஒண்டு செஞ்சு தா மனே. அந்த மயில விட்டிராத."

"ஓம் பெரியம்மா" என்றேன். வேறென்ன சொல்ல? இல்லை என்றால் அக்கா பொய்க்காரி ஆவாள். பின்பக்கத்தால் போய்ப் பலகையைக் கழுவப் பார்த்தேன். கழுவாமலே எடுத்துக்கொண்டு நடந்தேன்.

வழியில் போன் சத்தமிட்டது. டீச்சர். நான் ஒன்றும் அனுப்பவில்லை, யார் சொன்னார்களோ. "தம்பி, அடுக்குக்கு இடையில குச்சி ஊண்டினீங்களா? ரெஜிபோம் மாதிரி இல்ல தம்பி, மெய்க் கேக்குக்குப் பாரம் இரிக்கி. கீழ உள்ளது தாங்காது." கொஞ்ச நேரம் மிக்ஸி ஓடியது. "அது அட்வான்ஸில வாற பாடம்."

பாரம் உள்ள பொருள் சரியும். பாரமே இல்லாதது எத்தனை பேரின் கல்யாணத்துக்கும் நிமிர்ந்து நிற்கும். இதைக் கேக்கைப் பற்றி மட்டும் சொல்கிறேன் என்றுதான் வைத்துக்கொள்ளுங்களேன்.

குரல் முடிய, ஒரு ஓட்டோ பக்கத்தில் வந்து நின்றது. வாடகைக் கேக் கொண்டுவந்த அதே பையன். பின் சீட்டில் மயிலோடு அந்தக் கோபுரம் சவாரி போய்க்கொண்டிருந்தது.

"முன்னுக்கு இரிங்க அண்ணன். கண்டன் எல்லாத்தையும். விடுங்க."

இருந்தேன். பலகையை மடியில் வைத்துக்கொண்டேன்.

"இப்ப என்ன வேல?" என்றான்.

"ஒண்டும் இல்ல."

"எங்கட முதலாளி ஆள் தேடுறார். சீசன். நாளைக்கு ரெண்டு கல்யாணம், ஒரு சாமத்தியவீடு. காலையில வாங்க, நான் சொல்றன்."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். அறைக்குப் போய் மாவு டப்பாவைத் திறந்து பார்த்தேன். அடி தெரிந்தது.

காலையில் போனேன். நீளமான ஒரு கொட்டில். சுவரோரம் வரிசையாகக் கேக்குகள் — வெள்ளை, ரோஸ், தங்கம், ஏழு அடுக்கில் ஒன்று. தூசு படாமல் பொலித்தீன் போட்டு மூடியிருந்தன. கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தேன். ஐசிங்கே இல்லை, வீட்டுச் சுவருக்குப் பூசும் வோல் பில்லர். கல்லு மாதிரி.

முதலாளி வெளியே வந்தார். என் கையைப் பார்த்தார். எங்கே படித்தேன், எத்தனை வகுப்பு, ஓ.எல். இருக்கிறதா — ஒன்றும் கேட்கவில்லை. கேக் சுடத் தெரியுமா என்றுகூடக் கேட்கவில்லை.

"பெயின்ட் அடிப்பீங்களா?" என்றார்.

அடிப்பேன் என்றேன்.