துண்டில் தங்கியது

அந்தக் கடிதம் வந்த அன்று ஆய்வகத்தில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். டைப் அடித்த ஒரே பக்கம். நீங்கள் அனுப்பிய மூன்று புட்டிகளிலும் நச்சுப்பாசி இல்லை, சோதனை எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதியிருந்தார், நான் கடைசிவரை முகம் பார்க்காத ஒரு விஞ்ஞானி. இல்லை என்ற பதிலுக்கு யாராவது டீ வாங்கிக் கொடுப்பார்களா? எண்பதுகளின் தொடக்கத்தில் நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் பாசியை ஆராய்ந்துகொண்டிருந்தவனுக்கு, வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்ததே பெரிய காரியம்.

எங்கள் பல்கலைக்கழக வளாகத்திலிருந்து சைக்கிள் தூரத்தில் ஒரு கண்மாய். முந்தின கோடையில் அதன் கரையில் ஆடுகள் செத்து விழுந்தன. காற்று ஒதுக்கிய பக்கம் தண்ணீர்மேல் பச்சைப் பெயின்ட் கொட்டியதுபோல் பாசி. யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று இரண்டு தெருக்காரர்கள் ஒருவரோடொருவர் பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். பாசியே விஷமாக இருக்கலாம் என்பது என் பேராசிரியரின் சந்தேகம். அதைச் சோதிக்க இங்கே வசதி இல்லாததால் அந்த விஞ்ஞானிக்கு எழுதினார். சம்மதத்தோடு கறுப்புத்தாள் சுற்றிய புட்டிகளும் வந்தன. நிரப்பி மூடியபின் திறக்கக் கூடாது என்று ஒரு குறிப்பும் இருந்தது.

மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிடும் நீர்பாய்ச்சிதான் அங்கே எனக்குத் துணை. அவருடைய அப்பா காலம் முழுக்க அடுத்தவர் வயலில் கூலி வேலை. இவர் காலத்தில்தான் வீட்டுக்கு ஓர் எருமை வந்தது. ஆடுகள் செத்த பிறகு அதைக் கண்மாயில் இறக்காமல், கோயில் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்து ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தால் அவர் கேட்பது ஒன்றுதான்: மாட்டை இறக்கலாமா, கூடாதா? பதில் வரட்டும் அண்ணே என்பேன். என்னிடம் வேறு என்ன இருந்தது?

தை மாதம் பாசி மறுபடி திரண்ட நேரம் பார்த்து எனக்கு மஞ்சள்காமாலை. பசுமலையில் அக்கா வீட்டில் கீழாநெல்லியைக் குடித்துக்கொண்டு கிடந்தேன். பாசி ஒதுங்கும் பக்கமாகப் பார்த்து நிரப்பும்படி நீர்பாய்ச்சிக்குப் புட்டிகளைக் கொடுத்து அனுப்பினேன். அன்றைக்கே நிரப்பி, ஆய்வகத்தில் சேர்த்துவிட்டார். மறுநாளே பெட்டி விமானத்துக்குப் போனது. அதற்கு முன் ஒரு துளியை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்லி நான் ஆள் அனுப்பியிருக்கலாம். திறக்கக் கூடாது என்று எழுதியிருந்தார்களே. சொன்ன பேச்சைக் கேட்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது.

சித்திரையில் கடிதம் வந்த அன்று, டீ குடித்த கையோடு அவரிடம்தான் போனேன். வற்றிக்கொண்டிருந்த கண்மாயில் பச்சை தடித்துக் கிடந்தது. அதைக் காட்டி, இது கிடக்கிறதே என்று தயங்கினார். "கிடக்கட்டும்ணே. விஷம் இல்லைன்னு வெளிநாட்டுலயே சொல்லிட்டாக" என்றேன். நான் சொன்னதை நினைத்தால் இப்போதும் காது கூசுகிறது.

மூன்றாம் நாள் எருமை கரையிலேயே விழுந்தது. நான் போனபோது அதன் வாயோரம் பச்சை காய்ந்திருந்தது. எனக்கு அழுகை வரவில்லை. பயம்கூட வரவில்லை. ஏதோ ஃபாரத்தை நிரப்புகிறவன்போல அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தேன். எத்தனை மணிக்குக் குடித்தது, எந்தப் பக்கம் குடித்தது. கடைசியாக, தை மாதம் புட்டிகளை எப்படி நிரப்பினீர்கள் என்று கேட்டேன்.

அவர் ஒளிக்காமல் சொன்னார். பாசி ஒதுங்கிய பக்கம்தான் இறங்கினாராம். வீட்டில் குடிதண்ணீருக்குச் செய்வதுபோலவே, வெளுத்த துண்டை இரண்டாக மடித்துப் புட்டியின் வாயில் கட்டி, வடிகட்டி நிரப்பினாராம். மூன்று புட்டிக்கும் துண்டை அலசி அலசிக் கட்டியிருக்கிறார்.

"அம்புட்டுத் தொலவு போற தண்ணி சார். பாசியும் பூச்சியுமாவா குடுத்து விடுறது? நம்ம ஊர அவுக என்னன்னு நெனப்பாக?"

பாசியோடு வேண்டும் என்று நான் சொல்லியிருக்கவில்லை. எனக்கு அது சொல்லத் தேவையில்லாத விஷயமாக இருந்தது. அவர் தோளில் கிடந்த துண்டையே பார்த்தேன். அவர் அதைக் கையில் எடுத்தார்.

"அப்ப வெசம் இந்தத் துண்டுலயா சார் தங்கிருச்சு?"

தப்பு உங்களுடையது இல்லை, என்னுடையது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். மரத்துப்போன வாய்க்கு ஒரே ஒரு சொல்தான் வந்தது.

"ஆமாண்ணே" என்றேன்.

அவர் துண்டை எருமையின் பக்கத்தில் தரையில் வைத்தார். மறுபடி தோளில் போட்டுக்கொள்ளவில்லை. நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.