மூன்று தட்டினால் நான்கு

குடிநீர் வாரியத்தில் அவளுக்கு வைத்த பெயர் பாம்புக்காது. வருகைப் பதிவேட்டில் வேறு பெயர் உண்டு; கையெழுத்துப் போடும்போது மட்டும் அது அவளுக்கே நினைவுக்கு வரும். மண்ணுக்கு அடியில் குழாய் எங்கே ஒழுகுகிறது என்று காதால் கண்டுபிடிப்பது அவள் வேலை. நெஞ்சு உயரத்துக்கு ஒரு எஃகுக் கம்பி, ஒரு முனை கூர், மறுமுனையில் மரத்தில் கடைந்த சின்னக் குமிழ். கூர்முனையைக் குழாய் மேல் ஊன்றி, குமிழைக் காதோடு அழுத்திக்கொண்டால் போதும். நல்ல குழாயில் தண்ணீர் தனக்குத்தானே முணுமுணுத்துக்கொண்டு போகும். உடைந்த இடம் நெருங்க நெருங்க அது சீறத் தொடங்கும்.

இந்த வேலைக்கு அவளை யாரும் அமர்த்தவில்லை. ஃபைல் தூக்கும் உதவியாளராகத்தான் வந்து சேர்ந்தாள். சேர்ந்த மூன்றாம் மாதம், சாமான் அறையில் தூசி படிந்து கிடந்த கம்பியைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டாள். யாருக்கும் தெரியவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. முற்றத்துக் குழாயில் ஊன்றிக் கேட்டாள். சீறல் கேட்டது. அதைத் தொடர்ந்து அடி அடியாக நகர்ந்து, வராந்தா ஏறி, கதவைத் தள்ளி, பெரிய பொறியாளரின் நாற்காலிக்கு அருகில் போய் நின்றாள்.

"சார், கொஞ்சம் எந்திரிங்க. ஓட்டை உங்களுக்குக் கீழதான் இருக்கு."

தோண்டினார்கள். இருந்தது. "வந்து மூணு மாசத்துல பெரியவர் நாற்காலிக்கே குழி பறிச்சுட்டாளே" என்று அலுவலகம் ஒரு வாரம் சிரித்தது. அதற்கப்புறம் கம்பி அவளுடையதாகிவிட்டது. பதினேழு வருஷம் ஆகிறது.

கடவுளிடமும் அவள் இப்படித்தான். மற்றவர்கள் வரம் கேட்பார்கள். அவள் சந்தேகம் கேட்பாள். காலையில் கை கூப்பி நிற்கும்போது, 'ஆண்டவா, இத்தனை பேர் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் எந்தக் குரல் யாருடையது என்று எப்படிப் பிரிக்கிறாய்?' என்று கேட்டுவிட்டு, பதிலுக்குச் சற்றுக் காத்திருந்துவிட்டுத்தான் அடுப்படிக்குப் போவாள். அவள் புருஷனுக்கு முடிதிருத்தும் கடை. கத்தரி நின்றாலும் அவர் வாய் நிற்காது. "ஊர்ல ஓடுற தண்ணியெல்லாம் உனக்குக் கேக்குது, பக்கத்துல உக்காந்து நான் பேசுறது மட்டும் கேக்க மாட்டேங்குது" என்பார். "கேக்குதுங்க. அதான் பதில் சொல்றதில்ல" என்பாள் அவள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் ஒரு பழைய இரண்டு மாடிக் கட்டடம் இடிந்து விழுந்தது. உள்ளே புத்தகம் பைண்டிங் செய்யும் பட்டறை இருந்தது. வேலை செய்தவர்கள் பத்துப் பேர். ஏழு பேர் டீ குடிக்க வெளியே போன நேரம். மூன்று பேர் உள்ளே.

பத்தரை மணிக்கு அவளுடைய கைபேசி அடித்தது. தீயணைப்பு நிலையத்து அதிகாரி. போன வருஷம் அவருடைய நிலையத்தில் வண்டி நிறுத்தும் தளத்துக்கு அடியில் ஒழுக்கைக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் இவள்தான்.

"அம்மா, உங்க கம்பியோட உடனே வரணும். இடிபாட்டுக்குள்ள ஆள் இருக்காங்களான்னு கேக்குற மெஷின் வெளியூர்லேர்ந்து வந்துக்கிட்டு இருக்கு. வர்றதுக்கு அஞ்சு மணி நேரம் ஆகுங்கறாங்க. அவ்வளவு நேரம் தாங்காது."

"சார், நான் தண்ணிதான் கேப்பேன். மனுஷங்களைக் கேட்டது இல்ல."

"வேற யாரும் எதையுமே கேட்டது இல்லம்மா. வண்டி அனுப்பிட்டேன்."

வண்டி வருவதற்குள் புருஷனைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னாள். "தண்ணி விஷயத்துல தப்பு சொன்னா, குழியை மூடிட்டு வேற எடத்துல தோண்டுவாங்க. இங்க நான் தப்பு சொன்னா என்னங்க ஆகும்? நான் வரலைன்னு சொல்லிடவா?"

அந்தப் பக்கம் கத்தரிச் சத்தம் நின்றது. "வரமாட்டேன்னு சொன்னா உன்னால வீட்ல இருக்க முடியுமா?"

அவள் சுவரில் சாத்தியிருந்த கம்பியைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"போ. தப்பாப் போனா அதையும் சேர்த்துச் சுமக்கத்தானே மேல ஒருத்தன் இருக்கான். அவன் இரக்கத்தை நம்பிப் போ. நான் கடையைச் சாத்திட்டு வர்றேன்."

வண்டியில் போகும்போது கம்பியை மடியில் கிடத்திக்கொண்டு, முதல் முறையாகக் கேள்வி எதுவும் இல்லாமல் கும்பிட்டாள். 'காது நீ கொடுத்தது. கேட்கிற மட்டும் கேட்கிறேன். மிச்சத்துக்கு நீ இரங்கு.' அவ்வளவுதான். வண்டி நின்றதும் அவளே கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள்.

தெருவே வெள்ளையாகக் கிடந்தது. சுண்ணாம்புத் தூசி, அதன் மேல் ஆயிரக்கணக்கில் தாள்கள். காற்றில் பசை வாடை. இடிபாடு ஒரு மாடி உயரத்துக்குக் குவிந்திருந்தது. அதிகாரி ஓடி வந்தார். நேற்றுத்தான் பார்த்துப் பிரிந்தவர் போல நேராக விஷயத்துக்கு வந்தார்.

"கிரேன் ஒண்ணுதான் இருக்கு. ஒரு பக்கம் தூக்கினா இன்னொரு பக்கம் அழுந்தும். அதனால முதல்ல எந்தப் பக்கம்னு தெரியணும். சொந்தக்காரங்க முன்பக்கம்னு சொல்றாங்க, மாடிப்படி அங்கதான் இருந்துச்சாம். நீங்க என்ன சொல்றீங்களோ அதான்."

"சத்தம் இல்லாம இருக்கணும் சார்."

அவர் கையைத் தூக்கினார். ஜெனரேட்டர் நின்றது. கிரேன் நின்றது. தெருமுனையில் பேருந்துகளை நிறுத்தினார்கள். கூட்டத்தில் யாருடைய கைபேசியோ குத்துப்பாட்டைப் பாட, நாலு பேர் சேர்ந்து அவர் மேல் பாய்ந்து அதை அணைத்தார்கள். அப்புறம் மூச்.

இங்கே குழாய் எங்கே இருக்கிறது என்றுதான் அவள் முதலில் யோசித்தாள். உடைந்த கான்கிரீட்டிலிருந்து முறுக்குக் கம்பிகள் துருத்திக்கொண்டு நின்றன. 'இதுவும் இரும்புதானே, உள்ளே வரைக்கும் போகிறதே' என்று தோன்றியது. முன்பக்கத்தில் ஒரு கம்பியின் மேல் தன் கம்பியை ஊன்றிக் குனிந்தாள்.

டக். டக். டக்.

முகம் மாறியதைக் கூட்டம் பார்த்துவிட்டது. ஒரு பெண் ஓவென்று கத்தினாள். கிரேன்காரர் இருக்கையில் ஏறப் போனார். அவள் கையை நீட்டித் தடுத்தாள். அந்தத் தட்டலில் ஒரு குறை இருந்தது. குறையே இல்லாததுதான் குறை. ஒவ்வொன்றுக்கும் நடுவே அதே இடைவெளி. மனுஷன் தட்டினால் கை வலிக்காதா? நடுவில் மூச்சு வாங்க மாட்டானா?

"மேல் தொட்டி எங்க விழுந்திருக்கு? அதுக்கு வர்ற தண்ணியை நிறுத்துங்க."

அடைத்தார்கள். தட்டல் மெல்ல மெல்ல இடைவெளி விட்டு, நின்றுபோனது. தண்ணீர்ச் சொட்டு.

"இருந்ததையும் நிறுத்திட்டாளே பாவி" என்றது ஒரு குரல். அவளுக்கு அது முதுகில் விழுந்தது. திரும்பவில்லை. அதே முன்பக்கத்தில் இன்னும் மூன்று இடத்தில் ஊன்றினாள். ஒன்றும் இல்லை. காதில் அவள் ரத்தம் ஓடும் இரைச்சல்தான் கேட்டது.

பின்பக்கம் போனாள். சுவரை ஒட்டி ஒரு பழைய வார்ப்பிரும்புக் கழிவுநீர்க் குழாய் பாதி மண்ணுக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்தது. அதில் ஊன்றினாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு ஏதோ உரசியது. நின்றது. மறுபடி உரசியது, கொஞ்சம் குறைவாக.

எலியாகவும் இருக்கலாம். மண் சரிவதாகவும் இருக்கலாம். அவளுக்குப் பயத்தைவிட அது என்ன என்று தெரிந்துகொள்ளும் ஆசைதான் அந்த நேரம் மேலாக நின்றது. ஒரு கல்லை எடுத்துக் குழாயில் மூன்று தட்டுத் தட்டிவிட்டுக் கேட்டாள்.

பதில் இல்லை. மறுபடி மூன்று.

டக், டக், டக். அப்புறம், சற்றுத் தாமதமாக, இன்னொரு டொக்.

நான்கு! தண்ணீருக்கு எண்ணத் தெரியாது. எலிக்கும் தெரியாது. ஆனால் மூன்றுக்கு ஏன் நான்கு? இரண்டு தட்டினாள். மூன்று வந்தது. ஒரே ஒரு தட்டு. இரண்டு வந்தது. ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடுதல். அந்தக் கடைசி ஒன்று மட்டும் மொத்தையாக, மரக்கட்டையால் தட்டியது போல.

அதிகாரி அவள் பக்கத்தில் மண்டியிட்டிருந்தார். "ஆள் இருக்கா?"

"ரெண்டு பேர் இருக்காங்க சார். ஒருத்தர் சரியாத் தட்டுறார். இன்னொருத்தர் நானும் இருக்கேன்னு சொல்றார்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "முன்பக்கம்?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் காலையிலிருந்து பயந்துகொண்டிருந்தாள். கூட்டத்தில் கத்திய பெண், ஆட்களைத் தடுக்கக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "முன்பக்கம் எனக்கு ஒண்ணும் கேக்கல சார். ஆள் இல்லைன்னு சொல்லல. எனக்குக் கேக்கலைன்னு சொல்றேன்."

கிரேன் பின்பக்கம் போனது.

மூன்று மணி நேரம் அவள் அந்தக் குழாயை விடவில்லை. பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை வேலையை நிறுத்துவார்கள், அவள் தட்டுவாள், பதில் வரும். ஒருமுறை சரியான தட்டல் மட்டும் வந்து மொத்தைத் தட்டல் வராமல் போனது. அவள் மறுபடி தட்ட, சோம்பலாக ஒரு டொக் வந்தது. அவள் சிரித்தேவிட்டாள், கண்ணில் நீரும் வந்தது. கயிற்றுக்கு அந்தப் பக்கம் புருஷன் வந்து நின்றிருந்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் மூன்று மணி நேரம் வாய் திறக்காமல் நின்றது அன்றைக்குத்தான்.

மத்தியானம் முதலில் வெளியே வந்தவள் தையல்காரப் பெண், காகிதக் கட்டுகளைத் தைப்பவள். கையில் கத்தரிக்கோல் இருந்தது, அதை வைத்துத்தான் தட்டியிருக்கிறாள். அடுத்து வந்தவர் பசை தடவுகிறவர், பருத்த மனுஷர். வலது கை அசைக்க முடியாமல் கிடந்ததால் இடது கையில் அகப்பட்ட பசைக் கட்டையால் தட்டினாராம். ஸ்ட்ரெச்சரில் போகும்போது அவர் கேட்ட முதல் கேள்வி: "வெளியேர்ந்து யாருங்க தட்டினது? நடுவுல ஒரு தடவை தூங்கிட்டேன், எழுப்பி விட்டுட்டாங்க."

மூன்றாமவர் காகித வெட்டு இயந்திரக்காரர். சாயங்காலம் முன்பக்கத்தில் மாடிப்படிக்கு அடியில் கிடைத்தார். உயிர் இல்லை. டாக்டர், விழுந்த உடனேயே போயிருக்கும் என்றார். டாக்டர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று அவளுக்குத் தெரியும்.

வீட்டுக்கு வந்தபின் சாப்பாடு இறங்கவில்லை. உயிர் இருந்து, தட்டத் தெம்பு இல்லாமல் கிடந்திருந்தால்? தான் காதை எடுத்த அடுத்த நொடி அவர் விரலை அசைத்திருந்தால்? புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவள் இந்தக் கேள்விகளை மறுநாள் காலை கடவுள் முன்னால் வைத்தாள். அதற்கடுத்த காலையும் வைத்தாள். பதில் வரவில்லை. நாலாம் நாள் அவள் வாயிலிருந்து வந்தது கேள்வி இல்லை: "எனக்குக் கேக்காதது உனக்குக் கேட்டிருக்கும். அவரை நீ பாத்துக்கிட்டிருப்ப." அதைச் சொன்ன பிறகு அன்று இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டாள்.

ஒரு மாதம் கழித்து வாரிய அலுவலகத்துக்கு ஒரு பெண் தேடி வந்தாள். கயிற்றைப் பிடித்து நின்றவள்; வெட்டு இயந்திரக்காரரின் மனைவி. பாம்புக்காது நாற்காலி இழுத்துப் போட்டாள். அந்தப் பெண் உட்காரவில்லை.

"அவர்கிட்டேர்ந்து உங்களுக்கு ஏதாச்சும் கேட்டுச்சாக்கா?"

ஆமாம் என்று சொல்லிவிடலாம். இவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று ஒரு கணம் நினைத்தாள். "இல்லம்மா. நாலு எடத்துல வெச்சுக் கேட்டேன். ஒண்ணும் கேக்கல."

"நாலு எடத்துலயா?"

"ஆமாம்மா. அந்தச் சொட்டு நின்னப்புறம் மூணு எடம். நல்லாக் கேட்டேன்."

அந்தப் பெண் இப்போதுதான் உட்கார்ந்தாள். "அந்த ரெண்டு பேர் கெடைச்சதும் அவரை மறந்துட்டாங்கன்னு நெனச்சேன். முதல்ல அவரைத்தான் தேடினீங்களா?" என்று கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கு உங்களைப் பாவின்னு சொன்னது என் தம்பி. மனசுல வெச்சுக்காதீங்க."

இருவருக்கும் டீ வந்தது. குடித்து முடித்ததும் அந்தப் பெண் சுவரில் சாத்தியிருந்த கம்பியைப் பார்த்தாள். "அதுல என்னதான்க்கா கேக்கும்?"

பாம்புக்காது அவளை முற்றத்துக்கு அழைத்துப் போனாள். பெரிய குழாயின் மேல் கம்பியை ஊன்றிக் கொடுத்தாள். அந்தப் பெண் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு குமிழில் காதை வைத்தாள். புருவம் சுருங்கியது.

"ஒண்ணும் கேக்கலையே."

"பேசாம இருங்க. வரும்."

அந்தப் பெண் கண்ணை மூடிக்கொண்டு குனிந்தே நின்றாள்.