கேட்டுக்கு வெளியே வெந்த இறால்

2011 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிள்ளைக்குப் போனேன். அங்கே இறால் குட்டை வைத்திருப்பவன் என் மனைவியின் தம்பி. தன் புது வீட்டுக் கிரகப்பிரவேசப் பத்திரிகையை நேரில் வைக்காமல் தபாலில் அனுப்பியவன். அதனால் நான் அந்தப் பக்கமே போனதில்லை. மனைவியின் நச்சரிப்பு தாங்காமல்தான் தனியாகக் கிளம்பினேன். பிச்சாவரம் படகுக்குப் போகிறவர்களுக்கும் இதே வழிதான் என்பதால் எழுதுகிறேன்.

காலையில் கடலூர் முதுநகர் துறைமுகத்தில் ஒரு கிலோ இறாலை ஐஸில் போட்டு வாங்கிவந்தேன். "எறா வளக்குறவனுக்கு எறாவா?" என்றாள் மனைவி. வளர்க்கிறவன் விற்பானே தவிர தின்னமாட்டான் என்றேன். வெறுங்கையோடு வந்தார் என்று பிறகு ஒரு பேச்சு வரக்கூடாது, அவ்வளவுதான்.

கடலூரிலிருந்து சிதம்பரம் 45 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம். காலையில் போனால் வலப்பக்கம் உட்காருங்கள், இடப்பக்கம் முழுக்க வெயில். சிதம்பரத்தில் பிச்சாவரம் டவுன் பஸ் பிடித்தால் அரை மணியில் கிள்ளை.

குட்டையின் கேட்டருகே ரோஸ் நிறத் தண்ணீரோடு ஒரு டப் இருந்தது. மச்சான் உள்ளே நின்றபடியே கத்தினான்.

"மாமா, அந்த மருந்துத் தண்ணியில கால வச்சிட்டு வாங்க."

"என்ன மச்சான், ஆஸ்பத்திரியா நடத்துற?"

"அப்புடித்தான் வச்சிக்கங்க. பையில என்ன?"

"எறா. உனக்குத்தான்."

அவன் முகம் மாறியது. "அது உள்ள வரக்கூடாது மாமா."

தபாலில் பத்திரிகை அனுப்பியவன் என் சீரையும் திருப்பி அனுப்புகிறான். அடுத்த பஸ் எப்போது என்று கேட்டேன். அதற்குள் கேட்டைத் தாண்டி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான்.

இறாலைக் கொல்லும் வெள்ளைப்புள்ளி நோய்தான் காரணம் என்றான். அது நம் ஊர்ச் சரக்கு இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்து நம் கடலோரத்தில் தங்கிவிட்ட கிருமி. நம் டைகர் இறாலுக்கு அதைத் தாங்கும் சக்தி கிடையாது. ஓட்டில் புள்ளி விழுந்தால் சில நாளில் குட்டையே காலி. கழிமுகத்து நண்டையும் அது விடுவதில்லை. மனிதனுக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் ஐஸில் வைத்த பச்சை இறாலில்கூட அது உயிரோடு இருக்கும். போன வருடம் மச்சானுக்கு மொத்தமும் செத்துப்போனது. பக்கத்துக் குட்டைக்காரர்கள் வனாமி என்ற வெளிநாட்டு இறாலுக்கு மாறப்போகிறார்கள், இவன் மட்டும் டைகரையே வளர்க்கிறான். இந்த முறையும் போனால் குட்டையை விட்டுவிட வேண்டியதுதான்.

"இங்கயே வேக வச்சுத் தின்னுடலாம் மாமா. வெந்துட்டா கிருமி செத்துடும். பைய மட்டும் தொறக்காதீங்க, காக்கா தூக்கிட்டுப் போயி குட்டையில போட்டுடும்."

எனக்கா தெரியாது? ஐஸ் கரைந்துவிட்டதா என்று லேசாகத் திறந்தேன். எங்கிருந்தோ வந்த காக்கை ஒரு இறாலைக் கவ்விக்கொண்டு குட்டைப் பக்கம் பறந்தது. மச்சான் கைதட்டிக்கொண்டு ஓடினான். நானும் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு, கல்லூரியில் இருபது வருடம் பாடம் நடத்திய குரலை முழுவதும் திறந்து கத்தியபடி வேலியோரமாக ஓடினேன். குட்டைக்கு மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கட்டியிருந்த நைலான் கயிறுகளைக் கண்டு காக்கை திரும்பியது. ரோட்டோரக் கரண்டு கம்பத்தில் உட்கார்ந்து, எங்களைப் பார்த்துக்கொண்டே வால்வரை தின்று முடித்தது. அதுவரை இரண்டு பேரும் கம்பத்தடியில் அண்ணாந்து நின்றோம்.

"ஒங்க சீரு காக்காவுக்குப் புடிச்சிருக்கு மாமா."

மூன்று செங்கல், ஒரு சட்டி, உப்பு, மிளகாய்த்தூள். ஓட்டோடு வேகவைத்து கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து தின்றோம். தலையையும் ஓட்டையும் அதே அடுப்பில் எரித்தோம். அதற்குப் பிறகுதான் டப்பில் கால் நனைத்து உள்ளே போனேன்.

நீங்கள் அந்தப் பக்கம் போனால் பச்சை இறால், நண்டு எதையும் குட்டைப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். கழுவிய தண்ணீரையும் வாய்க்காலில் ஊற்றாதீர்கள். கால் கழுவச் சொன்னால் கழுவுங்கள், அது அவமரியாதை இல்லை. வெறுங்கையோடு போக மனம் வராவிட்டால் வாழைப்பழம் போதும்.

ஏப்ரலில் ஒரு மாலை கடலூர் செம்மண்டலத்தில் எங்கள் வீட்டு வாசலில் மச்சான் நின்றான். இந்த முறை இறால் புள்ளி விழாமல் தப்பித்துவிட்டதாம், மறுநாள் குட்டையில் பிடிப்பு, நேரில் அழைக்க வந்திருக்கிறான். நான் ஒரு வாளித் தண்ணீரை எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தேன்.

"கால கழுவிட்டு உள்ள வா மச்சான்."