சவுக்கை முக்கில் ஒரு சவுக்கடி

போன வாரம் எங்கள் ஊர் சவுக்கை முக்கில் டீ குடிக்கப் போனால்... பளபளவென்று ஒரு போர்டு! ‘மன்னர் காலத்தில் குற்றவாளிகளைச் சவுக்கால் அடித்த தூண் இதுவே.’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இனயத்துக்குப் பக்கத்தில், கடலோரத்தில் கையளவு ஊர் எங்களுடையது. திருவிதாங்கூர் காலத்தில் வள்ளத்தில் வந்திறங்கும் சரக்குக்கு இங்கேதான் சுங்கம் வாங்கினார்கள். சுங்கச்சாவடிக்கு அப்போது சவுக்கை என்று பெயர். கட்டடம் இடிந்து, மிச்சம் நிற்பது ஒற்றைக் கல்தூண். அதில் தார்ப்பாயைக் கட்டித்தான் ஸ்டெல்லா அக்கா டீக்கடை நடத்துகிறார். போர்டு வைத்த ஊர்ப் பெருமைக் குழுவோ, ‘சவுக்கை எடு’ என்பதுபோல இதையும் இரண்டாம் வேற்றுமையாகப் படித்துவிட்டது!

இலக்கணப் பிழையோடு போயிருந்தால் சிரித்துவிட்டு வந்திருப்பேன். தூணை மறைக்கிறது, கடையைக் காலி பண்ணு என்று அக்காவிடம் சொல்லிவிட்டார்களாம். கணவர் இல்லாதவர். இந்தக் கடைதான் அவருக்குச் சோறு.

குழுச் செயலாளர் தங்கராஜிடம் ஓடினேன். கல்ஃபில் இருபது வருஷம் இருந்துவிட்டு வந்தவர்.

“சாரே, சுங்கம்னா எவன் வந்து செல்பி எடுப்பான்? சவுக்குன்னா வருவாம்லா!”

திரும்பி வந்து விஷயத்தைச் சொன்னேன். அக்கா கிளாஸைக் கழுவியபடியே கேட்டார்.

“அப்பம் போர்டுல உள்ளது பொய்தானே?”

“சுத்தப் பொய்.”

“பின்ன நானும் ஒண்ணு சொல்லட்டா?”

மறுநாள் டூரிஸ்ட் வேன் நின்றதும் ஆரம்பித்தார். “எனக்க பாட்டாவ இந்தத் தூணுலதான் கெட்டிவச்சு அடிச்சாவ. அவரு ரத்தம் சிந்துன எடத்துலதான் நான் டீ போடுதேன்!”

ஒரு அம்மா அழுதேவிட்டார். வேன் மொத்தமும் இரண்டாவது டீ குடித்தது. குழு என்ன செய்யும்? போர்டில் ஒரு வரி கூடியது: ‘தியாகியின் வாரிசு நடத்தும் டீக்கடை.’ குற்றவாளி ஒரே வாரத்தில் தியாகி! கடை தப்பியது. உண்மையைச் சொன்ன என்னால் முடியாத காரியம்.

நேற்று போனேன். டூரிஸ்ட்டுகள் என்னை முறைத்தார்கள். என்னக்கா இது என்றேன்.

“கோவிக்காதீங்க சாரே... அடிச்சது ஆருன்னு கேட்டாவ. சாருக்க பாட்டான்னு சொல்லிட்டேன்.”

என் பாட்டா சர்ச் உபதேசியார். எறும்பைக்கூட மிதிக்காதவர். வாயைத் திறக்கப் போனேன்... கடை ஞாபகம் வந்தது. மூடிக்கொண்டேன்.

ஒருவர் செல்பிக்கு அழைத்தார். மீசையை முறுக்கிக்கொண்டு தூண் பக்கத்தில் போய் நின்றேன் — பாட்டா பெயரைக் காப்பாற்ற வேண்டாமா?