நிறுத்தி வைத்த ஒரு ரூபாய்

எனக்கு வயது எண்பத்திரண்டு. பெற்றது நான்கு, வளர்த்தது ஏழு. செத்துப்போன நாத்தனாரின் மூன்று பிள்ளைகளும் என் கையால் உண்டு வளர்ந்தவர்கள்தான். ஏழு பேரில் ஒருவரும் சோடை போகவில்லை. என் எழுத்து எனக்கே விளங்காது. அதனால் நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

போன வாரம் அவளுடைய அப்பன் பாங்கியிலிருந்து முகம் வாடி வந்தான். இவ்வளவு வரை எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்திருந்த கடன் வரம்பை அவன் எடுக்காமலே வைத்திருந்தானாம், அது காலாவதியாகிவிட்டதாம். கடன் வாங்காததற்குக் கடன் போய்விடுமா என்று பேத்தி சிரித்தாள். போகும். எனக்குப் போயிருக்கிறது.

குற்றாலத்தில் சாரல் விழும் மூன்று மாதமும் நானும் வீட்டுக்காரரும் ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, குளிக்க வரும் குடும்பங்களுக்குச் சாப்பாடு போட்டோம். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் தென்காசியில் ஒரு பலசரக்குக் கடையில் பற்று. நூறு ரூபாய் வரை கேள்வி கிடையாது. வைகாசிக் கடைசியில் எடுக்கத் தொடங்கினால், ஆவணியில் கூட்டம் கலைந்ததும் கட்ட வேண்டும். கட்டிவிட்டால் அடுத்த வருடம் அதே நூறு திறந்திருக்கும். பத்திரமும் இல்லை, ஜாமீனும் இல்லை.

ஒரு மாசியில் வீட்டுக்காரர் காய்ச்சலில் போய்விட்டார். எனக்கு இருபத்தெட்டு வயது. மூலையில் உட்காரச் சொன்னார்கள். ஏழு வயிறு பசிக்கும்போது நான் எங்கே உட்கார? அந்த வருடமும் சாப்பாடு போட்டேன். அவர் பெயரில் ஓடிய பற்றிலேயே சரக்கு வந்தது. ஆவணியில் ஒரு சனிக்கிழமை பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டு நானே கடைக்குப் போனேன். கணக்குப்பிள்ளை எண்ணி முடித்தார். ஒரு ரூபாயை மட்டும் என் பக்கம் தள்ளினார்.

“இது நிக்கட்டும்மா. உங்க வீட்டுக்காரரு எப்பவும் ஒரு ரூவா பாக்கி வச்சிட்டுத்தான் போவாவ.”

எனக்குச் சுருக்கென்றது. “எதுக்கு? புருசன் போனதும் ஒத்த ரூவாய்க்கு வக்கத்துப் போனாள்னு ஊரு பேசவா? கோடு அடிங்க.”

அவர் முதலாளி அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி தலையை மட்டும் அசைத்தார். கணக்கு நோட்டில் எங்கள் பக்கத்தின் குறுக்கே கோடு விழுந்தது. நான் தலை நிமிர்ந்து வீடு வந்தேன். திங்கட்கிழமை, காலிச் சாக்குகளை எப்போதும்போல வண்டிக்காரரிடம் கடைக்குக் கொடுத்துவிட்டேன். சாக்குக்கு விலை போட்டுக் கணக்கில் கழிப்பது கடை வழக்கம்.

அடுத்த வைகாசி வந்தது. இனிப் போடப்போகாத என் கம்மலை விற்று வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். மதுரையிலிருந்து எட்டுப் பேர் வெள்ளிக்கிழமை வருவதாகக் கார்டு வந்திருந்தது. திங்கட்கிழமை வண்டிக்காரரிடம் என்னென்ன வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். வண்டி காலியாகத் திரும்பியது.

“கணக்கே இல்லைன்னுட்டாவ. போன வருசமே முறிஞ்சு போச்சாம்” என்றார் அவர்.

எனக்கு நிலைகொள்ளவில்லை. கழுவிய அடுப்பையே மறுபடி கழுவினேன். வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தேன். மலையில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. ஈரக்காற்று வந்து கதவை ஆட்டும்போதெல்லாம் மலையை எட்டிப் பார்த்தேன். சாரல் முந்தினால் ஆட்களும் முந்தி வந்துவிடுவார்களே! மறுநாள் விடிந்ததும் மேலகரம் வழியாகத் தென்காசிக்கு நடந்தேன்.

“நான் என்ன ஓடியா போனேன் அண்ணாச்சி? ஒத்தப் பைசா மிச்சம் வைக்காமக் கட்டினேன்லா?”

“அதான் தங்கச்சி சங்கதி. பாக்கி வச்சிட்டுப் போனா திரும்ப வருவாவன்னு அர்த்தம். நீங்க என் முகத்துக்கு நேரே கோடு அடிக்கச் சொன்னிய. வேற கடை பாத்துட்டியன்னு நினைச்சேன்.”

“சரி, புதுசாப் போடுங்க.”

“புதுசுன்னா புரோநோட்டு எழுதணும். ஆம்பளை கையெழுத்து வேணும். உங்க கொழுந்தனாரைக் கூட்டிட்டு வாங்க.”

கொழுந்தனார் கையெழுத்துப் போடுவார். போட்டுவிட்டுக் கல்லாவில் வந்து உட்காருவார். என் ஏழு பிள்ளைகளும் அவர் கையைப் பார்த்து நிற்க வேண்டும். முந்தானை நுனியை முறுக்குவதும் அவிழ்ப்பதுமாக நின்றேன். வாசலில் யாரோ ஒருவர் காலிச் சாக்குகளை எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு வந்தது.

“அண்ணாச்சி, கோடு அடிச்சது சனிக்கிழமை. நான் பதினாலு சாக்கு அனுப்பினது திங்கக்கிழமை. அதை எங்க கழிச்சிய?”

கணக்குப்பிள்ளை சாக்கு நோட்டை எடுத்துப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது. “பதினாலு வந்திருக்கு. ஒண்ணு ரெண்டணா வீதம் ஒரு ரூவா பன்னெண்டணா. கழிக்கலை.”

“அப்ப நீங்கதான் எனக்குப் பாக்கி. இப்பமே தாறியளா, முறிச்சிருவோம். இல்லை, நிக்கட்டுமா?”

சாமான் வாங்க நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அண்ணாச்சிக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. “வேய் கணக்குப்புள்ள, நம்மளையே கடன்காரன் ஆக்கிட்டாவளே! பாக்கி எந்தப் பக்கம் நின்னா என்ன, கணக்கு நிக்குதுல்லா. பக்கத்தைத் திறயும்.”

ஆனால் பழைய நூறு கிடைக்கவில்லை. ஐம்பதுதான், அதையும் பதினைந்து நாளுக்கு ஒரு தரம் கட்ட வேண்டும் என்றார். ஒப்புக்கொண்டேன். பக்கத்தின் தலைப்பில் வீட்டுக்காரர் பெயர் போய் என் பெயர் ஏறியது. கீழே நானே கையெழுத்துப் போட்டேன். கோணல் எழுத்துத்தான். போட்டு முடிக்கும் வரை கடை காத்திருந்தது.

புதன்கிழமை சரக்கு வந்தது. வெள்ளிக்கிழமை மதுரைக்காரர்கள் ஈரத் துணியோடு இலைக்கு முன் உட்கார்ந்தார்கள். ஆவணியில் கணக்குப் பார்த்தபோது ஒரு ரூபாயை நானே நிறுத்தினேன். கை கூசியது. மறு வருடம் வரம்பு நூறுக்கே திரும்பியது.

சாப்பிட வந்த ஒரு வக்கீல் சொன்னார்: புரோநோட்டை மூன்று வருடம் சும்மா விட்டால் செல்லாது, அதற்குள் கொஞ்சமாவது வரவு வைத்து நோட்டின் பின்புறம் கையெழுத்து வாங்கினால் இன்னொரு மூன்று வருடம் ஓடும். கோர்ட்டுக்கு அப்படி. எங்கள் கடைக்கு அந்த ஒரு ரூபாய்தான்.

சாப்பாட்டு வேலையை விட்ட வருடமும் அதைக் கட்டவில்லை. கட்டி முறிக்க மனம் வரவில்லை. இப்போது அந்தக் கடையும் இல்லை, அண்ணாச்சியும் இல்லை. யாருக்கும் கடன்படாத எனக்கு அந்த ஒன்று மட்டும் இன்னும் உறுத்துகிறது.

ஏட்டி, எழுதினதை முதல்லேருந்து வாசி. சாக்கு பதினாலுன்னு சரியாப் போட்டிருக்கியான்னு பாக்கணும்.