வாளியில் இறங்கிய கல்யாண மாலை

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். நான் படித்தது ஐந்தாவது. எழுத்து கோணலாக வரும். சொல்ல வந்ததில் பாதி மறந்துபோகும். மறந்தது அடுத்த வாரம் குழம்பு தாளிக்கும்போது நினைவுக்கு வரும். வாராவாரம் படிக்கிற உங்களுக்கு இதெல்லாம் பழகியிருக்கும். இந்த வாரம் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் பொறுத்துக்கொள்ளுங்கள். மனசு சரியில்லை.

போன வாரம் பதினெட்டாம் பெருக்கு. எங்கள் ஊர் குடவாசல் பக்கம், தெருக்கோடியில் வாய்க்கால். போன வருஷம் பெருக்கு கழிந்துதான் தண்ணீர் வந்தது. இந்த வருஷம் நல்லபடியாகவே வந்திருந்தது. காப்பரிசி, காதோலை கருகமணி, மஞ்சள் கயிறு, பழம் எல்லாம் தட்டில் வைத்துக்கொண்டு பெண்கள் எல்லோரும் போய் நின்றோம்.

நின்றோம்... அவ்வளவுதான். இறங்க முடியவில்லை.

வாய்க்காலின் இரண்டு பக்கமும் இப்போது கான்கிரீட் சுவர். தெருப்பக்கம் இடுப்பளவு. உள்ளே எட்டிப் பார்த்தால் ஆள் உயரத்துக்கு மேல் பள்ளம், வழுவழுவென்று நேராக. தண்ணீர் கீழே போகிறது. நாங்கள் மேலே நிற்கிறோம்.

வாய்க்கால் ஓரத்து வீட்டுக் கமலத்தின் மகள் பவித்ராவுக்கு வைகாசியில்தான் கல்யாணம். ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். கல்யாண மாலையைப் பெருக்கன்று தண்ணீரில் விட வேண்டுமே! காய்ந்துபோன மாலையைக் கையில் ஏந்திக்கொண்டு சுவரை எட்டி எட்டிப் பார்த்தது அந்தப் பெண்.

"அம்மா, இங்கேர்ந்தே போட்டுடவா?"

"எறியாதடி! கல்யாண மாலை!"

எப்படி எறிவது? குப்பையா அது? கடைசியில் கமலம் வீட்டுக்கு ஓடிப்போய் மாட்டுக் கயிறும் ஒரு பிளாஸ்டிக் வாளியும் எடுத்துவந்தாள். வாளிக்குள் மாலையை வைத்து மெதுவாக இறக்கினோம். வாளி தண்ணீரில் போய் உட்கார்ந்தது. மாலை மட்டும் வெளியே வருவேனா என்றது. பவித்ரா கயிற்றை இந்தப் பக்கம் சுண்டினாள், அந்தப் பக்கம் சுண்டினாள்... ம்ஹூம்.

எங்கள் தெரு சாந்திக்கு வாய் சும்மா இருக்காது. "ஏன் கமலம், இதுக்கும் ஒரு மனு எழுதிப் போடேன். ஆள் வந்து எறக்கி விட்டுட்டுப் போவாங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். கமலம் சிரிக்கவில்லை. மகள் கையிலிருந்து கயிற்றை வாங்கி ஒரே உதறாக உதறினாள். வாளி கவிழ்ந்தது. மாலை மிதந்து போனது. ஈரக் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு, மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ளக்கூட நிற்காமல், வீட்டுக்குள் போய்விட்டாள்.

சாந்தி ஏன் அப்படிச் சொன்னாள்? அதைச் சொல்ல வேண்டுமென்றால் மனுக் கதையைச் சொல்ல வேண்டும்.

கமலத்தின் வீட்டுக்காரர் கோவிந்தராஜுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. கட்டிலோடு கட்டில். முன்பெல்லாம் வாய்க்காலுக்கு மண் கரைதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் பொங்கினால் தண்ணீர் முதலில் நுழைவது கமலத்தின் வீட்டில். ஒரு வருஷம் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார்கள். முழங்கால் தண்ணீரில் கமலம் பின்னாலேயே அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு போனாள். இடுப்புவரை நனைந்திருக்கிற மனுஷருக்குக் குடையால் என்ன பிரயோஜனம்? ஆனாலும் பிடித்தாள்.

அந்த மழை விட்டதும்தான் வீடு வீடாக ஏறி இறங்கினாள். "அக்கா, எல்லாருமாச் சேந்து ஒரு மனு போடுவோம்க்கா."

எங்கள் ஊர்ப் பெண்கள் சேர்ந்து மனுப் போட்டது அதுதான் முதல் தடவை. போஸ்ட்மாஸ்டராக இருந்து ரிட்டயர் ஆன நடராஜன் சார் எழுதித் தர ஒப்புக்கொண்டார். கோயில் மண்டபத்தில் கூடினோம். நான் வழக்கம்போலத் தூணுக்குப் பின்னால்.

"சொல்லுங்கம்மா, நம்ம வாய்க்காலுக்கு என்னென்ன இல்ல? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க" என்றார் சார்.

"தூர் வாரவே இல்ல சார்."

"ஆகாயத்தாமரை மண்டிக் கெடக்கு."

"மதகுப் பலகை உளுத்துப்போச்சு, எழுதிக்குங்க."

"கரை சார்... கரைதான். ரெண்டு பக்கமும் நல்ல சுவராக் கட்டித் தரணும்" என்றாள் கமலம்.

அத்தனையையும் முத்து முத்தாக எழுதினார். கையெழுத்துப் போட்டோம். வேன் பிடித்துக்கொண்டு, திங்கட்கிழமை மனு வாங்குகிற ஆபீசுக்குப் போய்க் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் காபிகூடக் குடித்தோம்.

ஒருத்தர் வாயிலும் படித்துறை என்ற வார்த்தை வரவில்லை.

எப்படி வரும்? 'என்ன இல்லை' என்றுதானே கேட்டார். படித்துறைதான் இருந்ததே! குளிக்க, துணி துவைக்க, நடவு முடித்து வந்து காலில் சேறு கழுவ, செத்தவர்களுக்குக் காரியம் செய்ய — எல்லாவற்றுக்கும் அந்தப் படிதான். தினம் மிதிக்கிற கல்லை யார் மனுவில் எழுதுவார்கள்? டாக்டரிடம் போகிறோம். வயிற்று வலி என்று சொல்வோம். எனக்கு மூக்கு இருக்கிறது, அது அப்படியே இருக்கட்டும் என்று சொல்வோமா?

மனு போடுகிற ஊர்களில் முக்கால்வாசிக்கு மனு பலிப்பதில்லை. எங்களுக்குப் பலித்தது. கமலம் விடாமல் அலைந்தாள், அதனால் பலித்தது.

போன வருஷக் கோடையில் வாய்க்கால் காய்ந்து கிடந்தபோது மெஷின் வந்தது. தூர் வாரியது. கரையைச் செதுக்கியது. படித்துறைக் கல்லையும் பெயர்த்து லாரியில் போட்டது. நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் நின்றோம். கமலம் வேலைக்காரர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள். கல்லைப் பெயர்க்கிறார்களே என்று ஒருத்திக்கும் பதறவில்லை. ஏன் தெரியுமா? புதுசாகக் கட்டப் போகிறார்கள் என்று நினைத்தோம். பழையதில் ஒரு படி சாய்ந்து, பாசி பிடித்து, எல்லோரையும் வழுக்கி விட்டுக்கொண்டிருந்தது வேறு.

"கைப்பிடி கம்பியெல்லாம் வெச்சுக் கட்டுவாங்க போல" என்றது யார் என்கிறீர்கள்? சாந்திதான்.

சுவர் முடிந்தது. மெஷின் போனது. தண்ணீர் திறந்துவிட்டார்கள். துணி மூட்டையோடு போய் நின்றபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

ஓடிப்போய்க் கேட்டோம். இன்ஜினியர் சின்னப் பையன் போலத்தான் இருந்தார். பாவம், எங்கள் மனுவையே எடுத்துக் காட்டினார். "நீங்க கேட்டதெல்லாம் செஞ்சாச்சேம்மா. படித்துறைன்னு இதுல எங்கயும் இல்லையே?"

மரியாதையாகத்தான் சொன்னார். பொய்யும் இல்லை.

அன்றிலிருந்து துவைக்கவும் குழாயடி, சேறு கழுவவும் குழாயடி. கூட்டம், சண்டை. நடவுக்குப் போய் வருகிறவர்கள் காய்ந்த சேற்றோடு வரிசையில் நிற்கிறார்கள். பழி மட்டும் கமலத்தின் தலையில். 'கமலத்தோட சுவரு' என்றே பேர் வைத்துவிட்டார்கள். கையெழுத்துப் போட்ட கைகள் எல்லாம் எங்கே போயின? அந்த வருஷ மழையில் அவள் வீட்டுக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதை யாரும் பேசுவதில்லை.

சரி, இப்போதைய கதைக்கு வருகிறேன். வாளி சமாச்சாரம் நடந்த மறுநாள் மறுபடியும் மண்டபத்தில் கூடினோம். படித்துறை கேட்டு மனு. கமலம் வரவில்லை. இன்ஜினியரைக் கூப்பிட்டோம், அவரும் வந்து இடம் பார்த்தார்.

"படி வெக்கணும்னா சுவர்ல ஒரு வாய் வெட்டணும்மா. மத்த எடமெல்லாம் அவங்கவங்க பட்டா. பழைய துறை இருந்த எடம் ஒண்ணுதான் தோது."

பழைய துறை எங்கே இருந்தது? கமலத்தின் வாசலுக்கு நேரே.

அந்த வாய் வழியாக வெள்ளம் வராதா என்று கேட்க எனக்கு வாய்வரை வந்தது. கூட்டத்தில் எனக்குப் பேச்சு எழும்பாது. நல்ல வேளை, நடராஜன் சாரே கேட்டார்.

"பெருமழைன்னா வரும் சார். அதனாலதான், பக்கத்து வீட்டுக்காரங்க ஆட்சேபணை இல்லைன்னு ஒரு கையெழுத்துப் போட்டுட்டா நல்லது."

மண்டபமே என்னைத் திரும்பிப் பார்த்தது. "நீங்க போங்கக்கா. உங்ககிட்டதான் அது முகம் குடுத்துப் பேசும்."

போனேன். கமலம் கட்டிலருகே உட்கார்ந்து கோவிந்தராஜுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். அவர் ஒரு பக்க வாயால் "வாங்கக்கா" என்றார். நான் பேப்பரை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வெயிலைப் பற்றிப் பேசினேன். பவித்ரா எங்கே என்று கேட்டேன். பசு கன்று போட்டுவிட்டதா என்று கேட்டேன்.

"அந்தப் பேப்பரைக் குடுங்கக்கா. வேர்வைல நனஞ்சிடப் போவுது" என்றாள் கமலம்.

கொடுத்தேன். படித்தாள். ரொம்ப நேரம் படித்தாள்.

"நான் போட மாட்டேன்னு சாந்தி சொல்லியிருப்பாளே?"

"சேச்சே... அப்படியெல்லாம் இல்ல கமலம்..."

"விடுங்க. பொய் சொல்ல வராது உங்களுக்கு." கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "இந்தச் சுவர் வந்தப்புறம்தான்க்கா மழை பேஞ்சா நான் கண்ணை மூடுறேன். அதுக்கு முன்னாடியெல்லாம் இவரு கட்டில் காலையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன், தண்ணி எதுவரைக்கும் ஏறுதுன்னு."

"வேணாம்னா விட்டுடும்மா" என்றேன். மனசாரத்தான் சொன்னேன்.

"எப்படி விடுறது? எம் பொண்ணு மாலையை வாளியில எறக்கினேனே... எனக்கு மட்டும் படி வேணாமா?"

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "போட்டுடு கமலம்."

"நீங்க சும்மா இருங்க. வெள்ளம் வந்தா ஓடப்போறது நானா, நீங்களா? ஜம்முனு நாற்காலியில போறவரு பேசுற பேச்சைப் பாரு!"

அவர் சிரித்தார். கஞ்சி தாடையில் வழிந்தது. கமலம் துடைத்துவிட்டாள். பேனா கேட்டாள். போட்டாள்.

போட்டுவிட்டுப் பேப்பரைத் தராமல் பிடித்துக்கொண்டாள். "சார்கிட்ட ஒண்ணு சேத்து எழுதச் சொல்லுங்கக்கா. படி வெச்சாலும் சுவர் இருக்கற உசரம் அப்படியே இருக்கணும்னு. இனிமே இருக்கறதையும் எழுதிடணும். எழுதலன்னா அது இல்லாமப் போயிடுது."

நான் பேப்பரோடு திரும்பி வந்தபோது சாந்தி எட்டிப் பார்த்தாள். "போட்டுடுச்சா!" என்றாள். அதோடு சரி. சாந்தி பேசாமல் உட்கார்ந்து நான் அன்றுதான் பார்த்தேன்.

கமலம் சொன்னதைச் சார் எழுதிக்கொண்டார். அது காதில் விழுந்ததும் ஆளாளுக்கு ஆரம்பித்துவிட்டார்கள். கரையோரப் புங்கமரம் இருக்கணும்னு எழுதுங்க. முக்கு லைட்டு இருக்கணும்னு எழுதுங்க. படி வந்துட்டா குழாயைப் பிடுங்கிடுவாங்க, அதையும் எழுதுங்க. "ஏம்மா, இது மனுவா, இல்ல ஊரையே எழுதி வாங்குறீங்களா?" என்று சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

சுவரும் இருக்க வேண்டும், படியும் வேண்டும்... முடியுமா? சுவர்மேல் ஏறி உள்ளே இறங்குகிற மாதிரி வைக்கலாமா என்று மேலே கேட்டுப் பார்ப்பதாக இன்ஜினியர் போனில் சொன்னார். உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். இதில் உறுதியாக இருப்பது கமலத்தின் கையெழுத்து ஒன்றுதான். அதை வாங்கி வந்தது நான். சுவரை வெட்டிவிட்டு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்று யாராவது சொல்லிவிட்டால்? ஐப்பசி என்ன, எங்கள் மனு முடிகிறவரை காத்துக்கொண்டா இருக்கும்? வானம் கறுத்தால் இனி நான் பார்க்கப்போவதும் அந்தக் கட்டில் காலைத்தான், என் வீட்டிலிருந்தே.

மனு இன்னும் போகவில்லை. ஓரிடத்தில் நிற்கிறது. பழைய படித்துறையில் மொத்தம் எத்தனை படி என்று எழுத வேண்டுமாம். சார் அந்த இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறார். சாந்தி ஒன்பது என்கிறாள். கமலம் பதினொன்று என்கிறாள். காலமெல்லாம் ஏறி இறங்கிய எனக்கு எதுவுமே நினைவில்லை. போய் எண்ணிவிட்டு வந்துவிடலாம் என்று ஒரு நிமிஷம் எழுந்தே விட்டேன் என்றால் பாருங்களேன்!

எங்கள் ஊரிலிருந்து கட்டிக்கொடுத்த பெண்கள் திருச்சி, திருப்பூர், சென்னை என்று எங்கெங்கோ இருக்கிறார்கள். இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களும் உண்டு. அந்தப் படியில் உட்கார்ந்து எடுத்த போட்டோ உங்களில் யாரிடமாவது இருந்தால், எண்ணிப் பார்த்து, நான் எழுதியதில் வேறு தப்பு இருந்தாலும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கோடையில் எடுத்த போட்டோவாக இருக்கட்டும். தண்ணீருக்குள் இருந்த படிகளையும் எழுதியாக வேண்டும்.