சாவிக்கு இங்கே திறப்பு

சென்னையிலிருந்து வந்து நாங்கள் புளியந்தீவில் தங்கியிருக்கிற வீட்டில், வாவிக் காற்று அடித்து எங்கள் அறைக் கதவு சாத்திப் பூட்டிக்கொள்கிறது. உள்ளே என் நான்கு வயது மகள். பக்கத்திலேயே தேநீருக்கு நான் போட்ட மின்சாரக் கெட்டில் கொதித்துக்கொண்டிருக்கிறது.

“சாவி, சாவி!” வீட்டுக்கார அம்மாவிடம் கத்துகிறேன்.

“திறப்பு இஞ்ச இல்ல தம்பி.”

கதவு திறக்காது என்கிறார் போலிருக்கிறது. தோளால் இடிக்கிறேன். மகள் வீறிட்டு அழுகிறாள்.

“இடியாதீங்க, பிள்ள பயப்படும். திறப்பு அக்கா வீட்ட கிடக்கு. எடுத்துக்கிட்டு வாறன்.”

ஓடிப்போய் வருகிறார். அவர் கையில் இருப்பது சாவி. கதவைத் திறந்ததும் மகளை வாரி எடுக்கிறேன். காயம் எதுவுமில்லை.

“நாங்க பறங்கியர், போர்த்துக்கேயர் வழியில வந்த ஆக்கள்,” என்கிறார் அந்த அம்மா, கெட்டிலின் சுவிட்சை அணைத்தபடி. “வீட்டுக்குள்ள போர்த்துக்கேயம். அதில சாவிதான். தமிழில பேசினா திறப்பு.”

சென்னையில் நான் தமிழென்று நினைத்துச் சொல்லிவந்த சொல், அவர் வீட்டுப் போர்த்துக்கேயச் சொல். இந்திக்காரர்களின் ‘சாபி’யும் அதுதான்.

மகள் என் கழுத்தை விடவில்லை.

“அப்பா, திறப்ப இனிமே நீயே வெச்சுக்கோ,” என்கிறாள்.